பரம்பரை வியாதியா? சைக்கோசிஸ் பற்றி வீட்டுக்குள் பேச வேண்டியவை

"எங்க பரம்பரையிலேயே இப்படி யாருக்கும் வந்தது கிடையாது." மனநோய் என்ற பேச்சு எழுந்ததும் நம்ம வீடுகளில் முதலில் வரும் வாக்கியம் இதுதான். அடுத்தது குரலைத் தாழ்த்திக்கொண்டு வரும்: "வெளியில தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் என்னாகும்?"

இரண்டுமே பயத்தில் வரும் வார்த்தைகள். ஆனால் இந்தப் பயத்தால் மாதங்கள் ஓடிவிடுகின்றன. அமெரிக்காவில் 21 மாநிலங்களில் 404 பேரை வைத்து நடந்த 'ரெய்ஸ்' என்ற ஆய்வில், சைக்கோசிஸ் அறிகுறி தொடங்கியதிலிருந்து சிகிச்சை தொடங்கும் வரை ஆன இடைநிலைக் காலம் 74 வாரங்கள். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம். சிகிச்சை தள்ளிப்போகப் போக குணமாவதும் கடினமாகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் "பரம்பரையா?" என்ற கேள்விக்கு நேராகவே பதில் தேடிப் பார்ப்போம். நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொண்டதை நம்ம மொழியில் சொல்கிறேன், அவ்வளவுதான்.

முதலில், இது என்ன?

சைக்கோசிஸ் என்பது ஒரு நிலை. யாரும் பேசாதபோது குரல் கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் கேமரா வைத்து வேவு பார்க்கிறார் என்று உறுதியாக நம்புவது, பேச்சு கோர்வை இல்லாமல் போவது எல்லாம் இதில் அடங்கும். வெளியே இருப்பவருக்கு அது கற்பனை. அனுபவிப்பவருக்கு அது நூற்றுக்கு நூறு நிஜம். அதனால்தான் "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்று எத்தனை முறை சொன்னாலும் எடுபடுவதில்லை.

இந்த நிலை பல காரணங்களால் வரலாம்: மனச்சிதைவு நோய் எனப்படும் ஸ்கிசோஃப்ரினியா, பைபோலார், கடுமையான மனச்சோர்வு, போதைப் பொருள், பிரசவத்துக்குப் பிந்தைய நாட்கள். மூளையில் ஏற்படும் ஒருவகை அழற்சியும் இதே மாதிரி ஆரம்பிக்கலாம். 2007-ல்தான் அதற்கு ஒரு குறிப்பிட்ட எதிர்ப்புப் புரதம் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதை வேறு வகையில் குணப்படுத்த முடியும். முதல் முறை வரும்போது டாக்டர் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எழுதிக் கொடுப்பது இதற்காகத்தான்.

மனச்சிதைவு நோய் உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆண்களுக்குப் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலிருந்து இருபதுகளின் நடுவுக்குள் தொடங்கும், பெண்களுக்குச் சற்றுத் தாமதமாக. அதாவது நம்ம பிள்ளைகள் வீட்டை விட்டு யுனிவர்சிட்டிக்குப் போகும் அதே வயது. ஹாஸ்டல் அறைக் கதவை மூடிக்கொண்டு வகுப்புக்குப் போகாமல் இருப்பவனைப் பார்த்து "சோம்பேறி" என்று முடிவு கட்டுவது சுலபம்.

இரட்டையர்கள் சொல்லும் கணக்கு

பரம்பரைக்கு வருவோம். உருவொத்த இரட்டையர்களின் டிஎன்ஏ ஏறத்தாழ ஒன்றே. நோய் முழுக்க முழுக்க ஜீனில்தான் இருக்கிறது என்றால், ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் கட்டாயம் வர வேண்டும். டென்மார்க்கில் தேசியப் பதிவேடுகளை வைத்து 2018-ல் வெளியான ஆய்வில் அப்படி இருவருக்கும் வந்தது சுமார் 33 சதவீதம்தான். அதே கோட், இரண்டு மெஷின், ஆனால் மூன்றில் இரண்டு பங்கு தடவை வேறு வேறு விளைவு.

அதே ஆய்வு, இந்த நோயின் மரபுவழிப் பங்கு 79 சதவீதம் என்றும் சொல்கிறது. இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். "80 சதவீதம் பரம்பரை" என்றால் "என் பிள்ளைக்கு வர 80 சதவீதம் வாய்ப்பு" என்று அர்த்தம் இல்லவே இல்லை. ஒரு சமூகத்தில் சிலருக்கு ஏன் அபாயம் கூடுதல், சிலருக்கு ஏன் குறைவு என்ற வித்தியாசத்தில் எவ்வளவை ஜீன்கள் விளக்குகின்றன என்பதற்கான அளவு அது. தனி மனிதரின் தலைவிதி அல்ல.

தனி மனிதருக்கான எண் வேறு. பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ மனச்சிதைவு இருந்தால், வாழ்நாளில் அது வரும் வாய்ப்பு, ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், 100-க்கு 10 பேர் வாக்கில். பொது மக்களில் 100-க்கு ஒருவர் அல்லது அதற்கும் கீழே. பத்து மடங்கு என்று சொன்னால் பயமாக இருக்கிறது. அதையே நூற்றில் தொண்ணூறு பேருக்கு வராது என்றும் சொல்லலாம், இரண்டும் ஒரே கணக்குதான். இன்னொரு பக்கம், இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோரின் பெற்றோருக்கு இது இருந்ததே இல்லை. "எங்க பரம்பரையில கிடையாது" என்பது நோய் இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது.

ஒரு ஜீன் அல்ல, நூற்றுக்கணக்கில்

அமெரிக்காவின் கொலராடோவில் கால்வின் என்றொரு குடும்பம். பன்னிரண்டு பிள்ளைகள். பத்துப் பையன்களில் ஆறு பேருக்கு மனச்சிதைவு. ராபர்ட் கோல்கர் 2020-ல் இவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலத்து மனநல மருத்துவத்தில் ஒரு கொள்கை இருந்தது: தாயின் வளர்ப்பு சரியில்லாததால்தான் இந்த நோய் வருகிறது என்று. ஆறு மகன்களைப் பராமரித்த அந்த அம்மா, அந்தப் பழியையும் சேர்த்துச் சுமந்தார். இன்று அந்தக் கொள்கையைக் கைவிட்டாயிற்று. நம்ம ஊரில் மட்டும் "அம்மா கொடுத்த செல்லம்" இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் ரத்த மாதிரிகளும் மரபணு ஆராய்ச்சிக்குப் பயன்பட்டன. ஆனால் ஒரு குடும்பத்தில் கிடைப்பது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. அதனால் ஆயிரக்கணக்கானவர்களின் டிஎன்ஏவை ஒப்பிடத் தொடங்கினார்கள். 2014-ல் டிஎன்ஏவில் 108 இடங்கள் இந்த நோயோடு தொடர்புடையவை என்று தெரிந்தது. 2022-ல், 76,755 நோயாளிகளையும் 2,43,649 மற்றவர்களையும் ஒப்பிட்டபோது அது 287 இடங்கள் ஆனது. ஒவ்வொன்றும் கூட்டும் அபாயம் துளியளவுதான். அந்தத் துளிகளில் பல நம் எல்லோரிடமும் இருக்கின்றன. நோய் உள்ள குடும்பம், இல்லாத குடும்பம் என்று கோடு கிழிக்க இடமே இல்லை.

சில அபூர்வ விதிவிலக்குகள் உண்டு. 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறப்பவர்களில் நாலில் ஒருவருக்கு சைக்கோசிஸ் வரலாம். அதை டெஸ்ட் செய்து கண்டுபிடிக்க முடியும். மற்றபடி, "ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடுமா?" என்றால், இல்லை. எந்த டெஸ்டும் இன்று ஒருவருக்கு இந்த நோய் வருமா என்று சொல்லாது.

2016-ல் வந்த ஒரு கண்டுபிடிப்பு சுவாரசியமானது. வளரும் பருவத்தில் மூளை, தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கத்தரித்துத் தள்ளும். தோட்டக்காரர் செடியைக் கவாத்து பண்ணுவது போல. சி4 என்ற நோய் எதிர்ப்பு ஜீனின் சில வடிவங்கள் மனச்சிதைவு அபாயத்தைச் சிறிதளவு கூட்டுகின்றன. எலிகளின் மூளையில் இந்தக் கத்தரிப்பு வேலைக்கு அதே ஜீன் உதவுவதும் தெரிந்தது. கவாத்து அளவு மீறிப் போகிறதோ, அதனால்தான் இந்த வயதில் நோய் தலைகாட்டுகிறதோ என்ற திசையில் ஆராய்ச்சி போகிறது.

பெரிய ஆய்வுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் டிஎன்ஏதான். நம்மவர்களின் மாதிரி குறைவு. அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து செய்து 2019-ல் வெளியிட்ட ஆய்வு. தென்னிந்தியர் சுமார் மூவாயிரம் பேரின் டிஎன்ஏவைப் பார்த்ததில், நியாசின் என்ற பி-வைட்டமினை உடல் பயன்படுத்தும் விதத்தோடு தொடர்புள்ள ஒரு ஜீன் தெரியவந்தது. உடனே நியாசின் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது சிகிச்சை அல்ல, ஒரு துப்பு.

ஜீனுக்கு வெளியே

புலம்பெயர்ந்தவர்களுக்கு சைக்கோசிஸ் அபாயம் கூடுதல் என்பது பல நாடுகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி அல்ல. கனடாவின் ஒன்ராறியோவில் 2015-ல் வெளியான ஆய்வில், தெற்காசியாவிலிருந்து வந்த அகதிகளுக்கு இந்த விகிதம் பொது மக்களைவிட சுமார் ஒன்றரை மடங்கு. வேறு சில நாடுகளிலிருந்து குடியேறியவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. போரையும் இழப்பையும் பார்த்து வந்த சமூகத்துக்கு இந்த எண் ஏன் முக்கியம் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்று கஞ்சா. பல நாடுகளில் சட்டபூர்வமாகிவிட்டதால் "சும்மா புகைதானே" என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. ஐரோப்பா, பிரேசில் நகரங்களில் நடந்து 2019-ல் வெளியான ஆய்வில், தினமும் எடுப்பவர்களுக்கு சைக்கோசிஸ் வாய்ப்பு மூன்று மடங்கு, வீரியம் கூடிய வகையைத் தினமும் எடுப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், பிள்ளைகளிடம் அதை மறைப்பதற்குப் பதில் இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஜீனை மாற்ற முடியாது, கஞ்சாவைத் தவிர்க்க முடியும்.

மாத்திரை: எவ்வளவு, எத்தனை நாள்?

1952-ல் பாரிஸின் செயின்ட் ஆன் மருத்துவமனையில் குளோர்புரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்ததிலிருந்து இந்தச் சிகிச்சையின் வரலாறு தொடங்குகிறது. அதன்பின் வந்த மருந்துகள் கிட்டத்தட்ட எல்லாமே மூளையில் டோபமைனின் வேகத்தைக் கட்டுப்படுத்துபவை.

வேலை செய்கின்றனவா? 2012-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு: ஓராண்டுக்குள் நோய் திரும்பியது மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதம், நிறுத்தி வெற்று மாத்திரைக்கு மாறியவர்களில் 64 சதவீதம். இங்கிலாந்தில் 2023-ல் வெளியான இன்னொரு ஆய்வில், பலமுறை நோய் வந்தவர்களுக்கு டாக்டர் மேற்பார்வையிலேயே மெல்ல மெல்ல மருந்தைக் குறைத்துப் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் வாழ்க்கைத் தரத்தில் பெரிய முன்னேற்றம் இல்லை, நோய் முற்றித் திரும்பியது இரண்டு மடங்கு. "நல்லாத்தானே இருக்கான், மாத்திரை எதுக்கு?" என்று கேட்கும் மாமாவுக்கு இதுதான் பதில்: மாத்திரையால்தான் மாமா நல்லா இருக்கான்.

அதே சமயம், பக்க விளைவுகள் பற்றிப் புகார் சொல்பவரை அடக்கவும் கூடாது. எடை கூடுவது, சர்க்கரை, கை நடுக்கம், தூக்கம், தாம்பத்தியத்தில் சிக்கல் எல்லாம் உண்மை. சர்க்கரைக்கு ஏற்கெனவே பேர் போன நம்ம குடும்பங்களில் மருந்து தொடங்கும்போதே எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்து வைக்கச் சொல்லிக் கேளுங்கள். மருந்தை மாற்றலாம், அளவைச் சரி செய்யலாம், மாதம் ஒரு ஊசியாகவும் போடலாம். இரண்டு மருந்துகள் கேட்கவில்லையென்றால் க்ளோசாபின் என்ற மருந்து பற்றிக் கேளுங்கள். ரத்தத்தின் வெள்ளணுக்கள் குறையும் அபாயம் இருப்பதால் தவறாமல் ரத்தப் பரிசோதனை வேண்டும். ஆனால் மற்றவை கைவிட்ட இடத்தில் பலரை மீட்டது அதுதான்.

2024 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கோபென்ஃபி, டோபமைனை நேரடியாகத் தடுக்காமல் வேறு வழியில் வேலை செய்யும் முதல் மருந்து. எடை கூடுவது குறைவு, குமட்டலும் மலச்சிக்கலும் உண்டு. பழைய மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனை 2025-ல் எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை. நம்பிக்கை வைக்கலாம், அதற்காக இருக்கும் மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கக் கூடாது.

சென்னையும் மாண்ட்ரியலும்

டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கியதுதான் ஸ்கார்ஃப். அங்கேயும் கனடாவின் மாண்ட்ரியலிலும் முதல் முறை சைக்கோசிஸ் வந்தவர்களுக்கு ஒரே மாதிரியான சிகிச்சை கொடுத்து இரண்டு வருடம் கவனித்தார்கள். குரல் கேட்பது, சந்தேகம் போன்ற அறிகுறிகள் இரு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்தன. ஆனால் பேச்சு குறைவது, ஆர்வம் வற்றுவது போன்றவற்றில் சென்னை முன்னால் நின்றது. சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போனவர்களும் சென்னையில் குறைவு. குடும்பத்தினர் அடிக்கடி கூட வந்தார்கள், பேசினார்கள்.

பணக்கார நாட்டின் வசதியோடு போட்டி போட்டது நம்ம ஊர் குடும்பம். வெளிநாட்டில் நமக்கு அந்த வசதி இருக்கிறது, குடும்பம்தான் இரண்டு மூன்று டைம் ஸோனில் சிதறிக் கிடக்கிறது. அதைச் சேர்த்துக்கொள்ள வேண்டியது நம்ம வேலை.

ஆனால் கூட இருப்பது வேறு, நச்சரிப்பது வேறு. வீட்டில் ஓயாத குறை, கோபம், அளவுமீறிய கட்டுப்பாடு இருந்தால் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது லண்டனில் தொடங்கி பல நாடுகளில் உறுதியான விஷயம்.

என்ன செய்யலாம்?

- "குரல் கேட்கிறது" என்று பிள்ளை சொன்னால் வாதாடாதீர்கள். "உனக்கு எவ்வளவு பயமா இருக்கும்" என்று கேட்பதே போதும்.
- முதல் முறை வரும் சைக்கோசிஸுக்கென்றே சிறப்பு கிளினிக்குகள் உங்கள் ஊரில் இருக்கலாம். குடும்ப டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.
- 18 வயது தாண்டிய பிள்ளையைப் பற்றி மருத்துவமனை உங்களிடம் சொல்லாமல் போகலாம். ஆனால் நீங்கள் பார்த்ததை நீங்கள் அவர்களிடம் சொல்லத் தடை இல்லை. தேதி போட்டு எழுதிக் கொடுங்கள்.
- அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் சரளம் இல்லையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். தம்பி தங்கையை அந்த வேலைக்கு உட்கார வைக்காதீர்கள்.
- "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பது சிகிச்சை அல்ல. மறைத்துச் செய்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டிவரும், பிறகு நிறுத்த வேண்டிவரும். அதன் பலனை மேலே உள்ள 64 சதவீதத்தில் பாருங்கள்.
- கோயிலுக்கோ சர்ச்சுக்கோ மசூதிக்கோ போவதை யாரும் தடுக்கவில்லை. போகிற வழியில் மாத்திரையையும் கொடுத்துவிடுங்கள்.
- உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள். அமெரிக்கா, கனடாவில் 988, இங்கிலாந்தில் 111 அழைத்து 2-ஐ அழுத்தவும், ஆஸ்திரேலியாவில் 13 11 14, இலங்கையில் 1926, இந்தியாவில் 14416.

பரம்பரையா என்றால், ஒரு பகுதி ஆமாம், சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் போல. சர்க்கரை வந்தால் நாம் யாரையும் அறையில் பூட்டி வைப்பதில்லை. அப்பாவுக்கு சுகர் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டுத்தானே பாயசம் வேண்டாம் என்கிறோம்? இதையும் அதே குரலில் சொல்லும் நாள் வந்தால், அந்த 74 வாரம் தானாகக் குறையும்.