புதிய லொறியின் எண்ணெயும் ரயர்களும்: மாற்ற வேண்டிய காலமும் முறையும்

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்வதற்கெனச் சொந்தமாகச் சிறு லொறி வாங்கும் கமக்காரரும் கூட்டுறவுச் சங்கங்களும் இன்று பலராவர். இவ்வாகனங்களிற் பெரும்பாலானவை கடனாகவோ தவணை முறையிலோ பெறப்படுகின்றன. தவணைப் பணம் கட்டி முடியுமுன்னரே எஞ்சின் பழுதடையுமாயின், உரியவர் கடனையும் செலுத்திக் கூலி வாகனத்துக்கும் பணம் கொடுக்க நேரிடும். அறுவடைக் காலத்தில் வெங்காயமோ தக்காளியோ ஏற்றிய லொறி நடுவழியில் நின்றுவிடின், ஒரு போகத்தின் இலாபம் ஒரே இரவில் அழுகிப்போதலும் கூடும். இத்தகைய இழப்புகளிற் பெரும்பகுதியை இரண்டு எளிய வேலைகளால் தவிர்க்கலாம். எஞ்சின் எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுதல் ஒன்று. ரயர்களை உரிய காலத்தில் இடம் மாற்றிப் பூட்டுதல் மற்றொன்று.

எண்ணெய் ஏன் பழுதடைகின்றது?

எஞ்சினுள் உலோகப் பகுதிகள் ஒன்றோடொன்று உராய்ந்து தேயாதவாறு எண்ணெய் மெல்லிய படலமாக இடையில் நிற்கின்றது. அத்துடன் அது வெப்பத்தை அகற்றுகின்றது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரியையும் அமிலத்தையும் தன்னுள் ஏற்றுக்கொள்கின்றது. அமிலத்தை முறிக்கவும் கரியைத் திரளவிடாது தாங்கவும் உற்பத்தியின்போதே அதிற் சில மருந்துகள் சேர்க்கப்பட்டுள்ளன. ஓடும் தூரத்தோடும் கழியும் காலத்தோடும் இம்மருந்துகள் தீர்ந்துவிடுகின்றன. அதன் பின்னர் எண்ணெய் அளவிற் குறையாதிருப்பினும், காக்கும் ஆற்றலை இழந்துவிடும்.

இதனாலேயே, குறைந்த எண்ணெயை ஊற்றி நிரப்புதல் எண்ணெய் மாற்றுதலுக்கு ஈடாகாது. நிறத்தைக் கொண்டு தீர்மானிப்பதும் பிழையாகும். டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் சில நூறு கிலோமீற்றர் ஓடுமுன்னரே கறுத்துவிடும். கரியை எண்ணெய் தாங்கி நிற்கின்றது என்பதையே அக்கறுப்புக் காட்டுகின்றது. ஆனால் எண்ணெய் பால் போல வெளுத்திருப்பின் நீர் கலந்துள்ளது எனக் கொள்ளல் வேண்டும். எண்ணெய் ஊற்றாதிருக்க அதன் மட்டம் உயருமாயின் எரிபொருளோ நீரோ கசிந்து கலக்கின்றது எனக் கொள்ளல் வேண்டும். இவ்விரு நிலைகளிலும் வாகனத்தை ஓட்டாது தேர்ந்த திருத்துநரிடம் காட்டுதல் அவசியம்.

கைந்நூலின் இரண்டு கணக்குகள்

வாகனத்தோடு வழங்கப்படும் கைந்நூலே முதலாவது வழிகாட்டியாகும். இக்காலத்துச் சிறு டீசல் லொறிகள் பலவற்றுக்கு, இலகுவான ஓட்டமாயின் ஏறத்தாழ 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றும்படி அதிற் கூறப்பட்டிருக்கும். அதே கைந்நூலில் ‘கடின ஓட்டம்’ என்ற தலைப்பின் கீழ் வேறொரு கணக்கும் இருக்கும். அது பெரும்பாலும் முதற் கணக்கின் பாதியளவாகும். பலர் முதற் கணக்கை மட்டும் படித்து நூலை மூடிவிடுகின்றனர்.

கடின ஓட்டம் என்பது யாது? புழுதி நிறைந்த பாதையில் ஓடுதல், எப்பொழுதும் முழுச் சுமை ஏற்றுதல், எஞ்சின் நன்கு சூடேறுமுன் நிறுத்தப்படும் குறுந்தூர ஓட்டங்கள், நெடுநேரம் நின்ற இடத்தில் எஞ்சினை இயங்கவிடுதல், மலைப்பாதையில் ஏறியிறங்குதல் ஆகியன அதிற் சேரும். வயலிலிருந்து களஞ்சியத்துக்கும் களஞ்சியத்திலிருந்து சந்தைக்கும் ஓடும் லொறி இவற்றிற் பலவற்றை நாள்தோறும் செய்கின்றது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வன்னியின் கிரவல் வீதிகளிற் செல்லும் வாகனம் எவ்வளவு புழுதியை உட்கொள்ளும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். ஆகவே, கமத்துக்கு உழைக்கும் லொறிக்குக் கடின ஓட்டத்தின் கணக்கே உரியது.

கைந்நூல் வேறுவிதமாகக் கூறாதவிடத்துப் பின்வரும் முறை பாதுகாப்பானது:

1. முதற் பரிசோதனையைத் தயாரிப்பாளர் குறித்த தூரத்தில், பெரும்பாலும் 1,000 கிலோமீற்றர் அளவில், தவறாது செய்வித்தல். எஞ்சின், பற்சக்கரப் பெட்டி, பின் அச்சு ஆகியவற்றின் எண்ணெய்களில் எவற்றை அப்பொழுது மாற்றவேண்டும் என்பதைக் கைந்நூலிற் பார்த்தல் வேண்டும். புதிய பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தும்போது உதிரும் நுண்ணிய உலோகத்துகள் எண்ணெயிற் கலப்பதே இதற்குக் காரணம்.

2. அதன் பின்னர் 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவ்விரண்டில் எது முந்துகின்றதோ அப்பொழுது எஞ்சின் எண்ணெயை மாற்றுதல்.

3. ஒவ்வொரு முறையும் எண்ணெய் வடிகட்டியையும் மாற்றுதல். பழைய வடிகட்டியில் தங்கிய அழுக்கு எண்ணெய் புதிய எண்ணெயோடு கலந்துவிடும்.

தூரம், காலம் என்னும் இரண்டையும் கணக்கிடுவதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்குச் சுமார் 180 கிலோமீற்றர். வாரத்தில் இருமுறை அங்கு சென்று திரும்பும் லொறி வாரத்துக்கு 720 கிலோமீற்றர் ஓடும். ஏழு வாரத்தில் அது 5,000 கிலோமீற்றரைக் கடந்துவிடும். மற்றொரு லொறி வயலுக்கும் களஞ்சியத்துக்குமிடையே நாளொன்றுக்கு 15 கிலோமீற்றராக வாரத்தில் ஆறு நாள் ஓடுகின்றதெனக் கொள்வோம். அது வாரத்துக்கு 90 கிலோமீற்றரே ஓடும். 5,000 கிலோமீற்றரை எட்ட ஓராண்டுக்கு மேலாகும். ஆயினும் அதன் எண்ணெய் நன்றாயிருக்கும் என்று எண்ணலாகாது. எஞ்சின் போதிய அளவு சூடேறாமையால் நீராவியும் எரியாத எரிபொருளும் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. முதல் லொறிக்குத் தூரமும் இரண்டாவது லொறிக்குக் காலமும் எல்லையாகின்றன.

எண்ணெயைத் தெரிதலும் மாற்றுதலும்

எண்ணெய்ப் பேணியில் இரு குறிகள் கவனிக்கத்தக்கன. ‘15டபிள்யூ–40’ போன்ற குறி எண்ணெயின் தடிப்பைக் காட்டும். முதலாவது எண் குளிர்நிலைக்கும் இரண்டாவது எண் எஞ்சின் சூடேறிய நிலைக்கும் உரியது. ‘சி.ஐ–4’ போன்ற குறி எண்ணெயின் தரத்தைக் காட்டும். ‘சி’ என்று தொடங்குவது டீசல் எஞ்சினுக்கும், ‘எஸ்’ என்று தொடங்குவது பெற்றோல் எஞ்சினுக்கும் உரியதாகும். இரு குறிகளும் கைந்நூலிற் கூறப்பட்டவாறே இருத்தல் வேண்டும். விலை குறைவென்று வேறு தரத்தை வாங்குவதால் மீதமாகும் பணம் எஞ்சின் திருத்தச் செலவின் முன் மிகச் சிறிதாகும்.

எண்ணெய் மாற்றுவதற்கு வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் வெதுவெதுப்பாயிருக்கையில் அடியிலுள்ள திருகை அகற்றி, முற்றாக வடியவிடல் வேண்டும். கொதிசூட்டில் திறந்தால் கை வெந்துவிடும். குளிர்ந்தபின் திறந்தால் அழுக்கு அடியிலே தங்கிவிடும். திருகையும் புதிய வடிகட்டியையும் பூட்டியபின், அளவுகோலின் மேற்கோட்டைத் தாண்டாதவாறு எண்ணெய் ஊற்றுதல் வேண்டும். கூடுதலாக ஊற்றினால், சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உராய்வைத் தடுக்காது. பின்னர் எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி நிறுத்தி, சில நிமிடம் கழித்து மட்டத்தை மீண்டும் பார்த்தல் நன்று. நாள்தோறும் காலையில் புறப்படுமுன் அளவுகோலைப் பார்ப்பது சாரதியின் வழக்கமாதல் வேண்டும்.

வடித்த எண்ணெயை நிலத்தில் ஊற்றலாகாது. ஒரு லீற்றர் கழிவெண்ணெய் பத்து இலட்சம் லீற்றர் நன்னீரைக் கெடுக்கவல்லது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்பும் துளையும் நிறைந்தது. மேலே ஊற்றியது விரைவிற் கிணற்றைச் சென்றடையும். சுன்னாகம் சுற்றாடலில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தது பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த பெருங்கவலை எவருக்கும் நினைவிருக்கும். கழிவெண்ணெயை மூடியுள்ள கொள்கலனில் சேர்த்து, அதைப் பொறுப்பேற்கும் சேவை நிலையத்திற் கொடுத்தல் வேண்டும்.

ரயர்களை ஏன் இடம் மாற்றவேண்டும்?

ஒரே நாளிற் பூட்டிய நான்கு ரயர்களும் ஒரே விதமாகத் தேய்வதில்லை. முன் ரயர்கள் வளைவிற் திரும்பும்போது ஓரங்களில் தேய்கின்றன. பின் ரயர்கள் சுமையைத் தாங்குவதுடன் வாகனத்தை உந்துவதால் வேறுவிதமாகத் தேய்கின்றன. இடம் மாற்றாதுவிடின் இரண்டு ரயர்கள் விரைவில் வழுக்கையாகிவிடும். தேய்ந்த ரயர் மழைக்காலத்தில் வீதியைப் பற்றாது. முழுச் சுமையோடு விரைகையில் முன் ரயர் வெடிக்குமாயின் சாரதியால் வாகனத்தைக் கட்டுப்படுத்துதல் மிக அரிது. ஆகவே, இது பணத்தை மாத்திரமன்றி உயிரையும் பொறுத்த விடயமாகும்.

புதிய ரயரின் பூக்கள் உயரமானவையாதலால் எளிதில் நெளியும்; ஒழுங்கற்ற தேய்வு அப்பொழுதே தொடங்கும். எனவே முதல் மாற்றத்தை 5,000 கிலோமீற்றரிலேயே செய்தல் நன்று. பின்னர் 10,000 கிலோமீற்றருக்கு மேற்படாது ஒருமுறை மாற்றினாற் போதும். அதாவது, 5,000 கிலோமீற்றர் அளவில் எண்ணெய் மாற்றும்போது ரயரையும் மாற்றி, அதன் பின் ஒவ்வோர் இரண்டாவது எண்ணெய் மாற்றத்தோடும் ரயர் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். தூரம் ஓடாது காலத்தால் எண்ணெய் மாற்றும் வாகனத்துக்கு, ரயர் மாற்றத்தைத் தூரத்தைக் கொண்டே கணக்கிடல் வேண்டும்.

இடம் மாற்றும் முறை

பின் சில்லுகளால் உந்தப்படும், நான்கு சில்லுகள் மட்டுமுள்ள லொறியில் முறை பின்வருமாறு:

• பின் இடது ரயர் முன் இடதுக்கும், பின் வலது ரயர் முன் வலதுக்கும் நேராக வரும்.

• முன் இடது ரயர் பின் வலதுக்கும், முன் வலது ரயர் பின் இடதுக்கும் குறுக்காகச் செல்லும்.

ரயரின் பக்கத்தில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருப்பின் அதைக் குறுக்காக மாற்றலாகாது; அதே பக்கத்தில் முன்னும் பின்னுமாகவே மாற்றலாம். முன்னும் பின்னும் அளவு வேறுபடும் வாகனத்தில் முன்பின்னாக மாற்றலாகாது. பின்னால் இரட்டைச் சில்லு பூட்டிய ஆறு சில்லு லொறிக்குக் கைந்நூலிலுள்ள படத்தையே பின்பற்றல் வேண்டும். இரட்டையாக அமையும் இரு ரயர்களும் ஒரே உயரமாயிருத்தல் அவசியம். அன்றேல் உயரமான ரயரே சுமை முழுவதையும் தாங்கிச் சூடேறி அழியும். எவ்வகை லொறியாயினும் மீள்பூச்சு ரயரை முன் சில்லிற் பூட்டாதிருத்தல் வேண்டும்.

சில்லைக் கழற்றுமுன் கைப்பிறேக் இட்டு, நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்குக் கட்டை முட்டுக் கொடுத்தல் வேண்டும். ஜக்கில் மாத்திரம் தாங்கிய வாகனத்தின் கீழ் எவரும் செல்லலாகாது. நட்டுகளை வட்டமாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்காது, எதிரெதிராக இறுக்குதல் வேண்டும். பூட்டியபின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் அவற்றை மீண்டும் இறுக்கிப் பார்த்தல் இன்றியமையாதது.

தேய்வு காட்டும் குறிகள்

இடம் மாற்றும் நாளே ரயரைப் பரிசோதிப்பதற்கும் ஏற்ற நாளாகும். இரு ஓரமும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருப்பின் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பின் சில்லுகளின் நேர்வரிசை பிழை. ஆங்காங்கே குழிவிழுந்திருப்பின் சில்லின் சமநிலையிலோ அதிர்வுதாங்கியிலோ பழுது உண்டு. இக்குறைகளைத் திருத்தாது ரயரை மட்டும் மாற்றினால், அடுத்த ரயரும் அவ்வாறே அழியும்.

காற்றழுத்தத்தைக் காலையில் ரயர் குளிர்ந்திருக்கையில் அளத்தல் வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சதுர அங்குலத்துக்கு எத்தனை இறாத்தல் என்பது பெரும்பாலும் கதவோரத்துத் தகட்டிற் குறிக்கப்பட்டிருக்கும். இடம் மாறிய ரயருக்குப் புதிய இடத்துக்குரிய அழுத்தத்தைக் கொடுக்க மறக்கலாகாது. ஓடிச் சூடேறிய ரயரில் அழுத்தம் உயர்ந்திருப்பது இயல்பே. அதைக் கண்டு காற்றை வெளியேற்றலாகாது. பூக்களின் இடைப்பள்ளத்திலுள்ள சிறு மேடு 1.6 மில்லிமீற்றர் உயரமுடையது. பூ அம்மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அந்த ரயரின் காலம் முடிந்தது.

குறிப்புப் புத்தகம்

மேற்கூறிய யாவற்றையும் நினைவில் வைத்திருப்பது அரிது. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை லொறியிலேயே வைத்து, எண்ணெய் மாற்றிய திகதி, அப்போதைய கிலோமீற்றர், எண்ணெயின் தரம், ரயர் இடம் மாற்றிய திகதி, அடுத்து மாற்ற வேண்டிய கிலோமீற்றர் ஆகியவற்றை எழுதிவருதல் வேண்டும். பற்றுச்சீட்டுகளையும் அதனுள்ளே வைத்தல் நன்று. உத்தரவாதக் காலத்தில் பழுது நேரின் அவை சான்றாகும்; பின்னொரு நாள் வாகனத்தை விற்கும்போது நல்ல விலையும் பெற்றுத் தரும். சாரதிகள் பலர் மாறிமாறி ஓட்டும் சங்க லொறிக்கு இக்கொப்பி மிகவும் இன்றியமையாதது. ஏனெனில், அங்கே ஒவ்வொருவரும் மற்றவர் மாற்றியிருப்பார் என்று எண்ணிவிடுதல் எளிது.

பயிருக்கு நீரும் பசளையும் காலந்தவறாது இடும் கமக்காரருக்கு இவ்வொழுங்கு புதியதன்று. பயிர் வாடிய பின் இறைக்கும் நீரால் இழந்த விளைச்சலை மீட்க முடியாததுபோல, தேய்ந்த எஞ்சினைப் புதிய எண்ணெயால் மீட்கவும் முடியாது. கொப்பியிற் குறித்த நாளில் அவ்வேலையைச் செய்து முடிப்பவரின் லொறி, கடன் தீர்ந்த பின்னரும் பல போகங்களுக்கு விளைச்சலைச் சந்தை சேர்க்கும்.