தங்குமிடம் தேர்தல்

மோட்டார் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லப்படும் சிறு வீட்டைக் 'கரவன்' என்பர். 1885ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த வைத்தியர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பார், குதிரைகள் பூட்டிய 'வாண்டரர்' என்னும் வண்டி வீட்டில் இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்து வரை சென்றார். உல்லாசத்திற்கெனக் கரவனிற் செல்லும் வழக்கத்திற்கு அவரே முன்னோடி எனக் கருதப்படுகின்றார். நம்மவர் பலர் குடியேறி வாழும் அவுஸ்திரேலியாவில் இவ்வழக்கம் இன்று பெரிதும் பரவியுள்ளது. ஆங்கு இரவு தங்கும் இடத்தைத் தெரிவுசெய்யுமாற்றை ஈண்டு நோக்குவோம்.

மரநிழலும் மணற்பரப்பும் நமக்குப் பிறந்த மண்ணிலேயே பழகிய இன்பங்கள். அவற்றைக் கண்டவிடத்து வண்டியை நிறுத்தவே விழைவோம். ஆயின், அந்நாட்டில் அவையே உயிருக்கு இடராதலும் உண்டு. மறே நதிக்கரையில் ஓங்கி நிற்கும் 'ரெட் கம்' என்னும் யூக்கலிப்ரஸ் மரங்கள், காற்றசையாத கோடை நாளிலும் பருத்த கிளைகளை முன்னறிவிப்பின்றி முறித்து வீழ்த்துவன. ஆகவே, கிளைகள் எட்டாத தொலைவிலே தங்குதல் வேண்டும். அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரூடே செல்லும் ரொட் ஆறு, ஆண்டின் பெரும்பகுதியும் வெறும் மணலே. எனினும், தொலைவிலுள்ள மேல்நிலத்தில் மழை பெய்யின், தங்குமிடத்தில் வானம் தெளிந்திருக்கும்போதே வெள்ளம் வந்துவிடலாம். வற்றிய ஆற்றுப்படுகையில் ஒருபோதும் துயிலலாகாது.

நீரினுங் கொடியது நெருப்பு. 2009 பெப்ரவரி 7ஆம் நாள் விக்ரோறியா மாநிலத்தில் மூண்ட காட்டுத்தீக்கு 173 பேர் இரையாயினர். தீ மேட்டை நோக்கி விரைந்தேறும் இயல்பினது. சரிவு 10 பாகை கூடுந்தோறும் அதன் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும். ஆதலின், கோடையிற் காடடர்ந்த சரிவின் மேற்புறத்தையும், வெளியேற ஒரே வழியுள்ள இடத்தையும் தவிர்த்தல் நன்று.

இவ்விடர்கள் இல்லையெனத் தெளிந்தபின் நிலத்தை ஆராய வேண்டும். வண்டியைக் கொண்டுசெல்லுமுன் நாமே நடந்து பார்த்தல் முறை. காலடி புதையும் புற்றரையிற் சில்லும் புதையும். முன்பின் சாய்வை, கரவனின் முன்புறத்துச் சிறு சில்லை உயர்த்தியோ தாழ்த்தியோ திருத்தலாம். பக்கச் சாய்வுக்குச் சில்லின் கீழ் ஆப்பு இடல் வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால், எரிவாயுவால் இயங்கும் குளிர்சாதனப் பெட்டி செவ்வனே தொழிற்படாது.

இவையனைத்தும் பகலொளியிலேயே காணத்தக்கவை. இருண்டபின் வருவோர் கிடைத்த இடத்தில் தங்குவர். ஞாயிறு மறையுமுன் வருவோர் தேர்ந்த இடத்தில் தங்குவர். வள்ளுவப் பெருந்தகை காலமறிதலை முன்வைத்து, இடனறிதலை அதன்பின் வைத்தார். அரசர்க்கு அவர் வகுத்த அம்முறை, வழிச்செல்லும் நமக்கும் பொருந்துவதே.