நோய்முதல் காணல்

பயிரின் இலை பழுத்தால், நல்லுழவன் அவ்விலையைக் கிள்ளி எறிந்து அமையான். வேரடி மண்ணையும் கிளறிப் பார்ப்பான். மருத்துவரும் அத்தகையரே. நோய் தோன்றும் இடம் ஒன்றாக, அதன் முதல் மறைந்திருக்கும் இடம் பிறிதொன்றாதல் உண்டு. தோல்நோய் ஒன்றும் குடல்நோய் ஒன்றும் இவ்வுண்மையை நமக்கு நன்கு விளக்கும்.

வெப்ப நாடுகள் பலவற்றில் முகத்திலும் கைகால்களிலும் ஒருவகைப் புண் தோன்றுகிறது. சிறு கொப்புளமாய்த் தொடங்கிப் பல திங்கள் ஆறாது நின்று, இறுதியில் அழியா வடுவை விட்டுச் செல்வது அது. பாக்தாதுக் கட்டி, அலெப்போக் கட்டி, தில்லிக் கட்டி என மக்கள் ஊர்ப்பெயரால் அதனை வழங்கினர். பெயர் பலவாயினும் நோய் ஒன்றே. 1898-ஆம் ஆண்டில் தாஷ்கண்டில் பணியாற்றிய போரோவ்ஸ்கி என்னும் உருசிய மருத்துவர், புண்ணின் திசுவை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, ஓரணு உயிராகிய ஒட்டுண்ணி ஒன்றே அதற்குக் காரணம் எனக் கண்டார். உருசிய மொழியில் அவர் எழுதிய கட்டுரையோ நெடுங்காலம் பிற நாட்டார் கண்ணிற் படவில்லை. 1903-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ரைட், ஆர்மீனியக் குழந்தை ஒன்றின் புண்ணில் அவ்வொட்டுண்ணியைக் கண்டு உலகறியச் செய்தார். இன்று அதனை லீஷ்மேனியா என்பர்.

அஃது உடலுட் புகும் வழி யாது? மணல் ஈயின் கடியே என்பதை 1941-இல் ஆட்லர், பெர் என்னும் இருவர் சோதனையால் நிறுவினர். அவ்வீ கொசுவினும் சிறியது. அந்தியிலும் இரவிலும் ஓசையின்றி வந்து கடிப்பது. புண் தோன்றுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கடித்து மறைந்த ஈயை யாரே எளிதில் ஐயுறுவர்!

இனிக் குடல்நோயைக் காண்போம். ஏறத்தாழ 5,000 குழந்தைகளுள் ஒன்று இந்நோயுடன் பிறக்கிறது. மலம் கழியாது, வயிறு ஊதும், பெருங்குடல் பருத்து விரியும். கோபன்ஹேகன் நகரத்துக் குழந்தை மருத்துவர் ஹிர்ஷ்ஸ்பிரங், இவ்வாறு இறந்த இரு குழந்தைகளைப் பற்றி 1886-இல் பெர்லினில் எடுத்துரைத்தார். பருத்த பகுதியே பழுதுற்றது எனக் கருதிய அறுவை மருத்துவர் பலர் அதனையே அறுத்து நீக்கினர். நோயோ மீண்டும் வந்தது.

பாஸ்டனில் சுவென்சன் என்பார் குடலின் அசைவை அளந்து பார்த்தார். பருத்த பகுதி அசைந்தது. அதன்கீழே, பார்வைக்குக் குறையற்றதாய்த் தோன்றிய குறுகிய பகுதியே அசைவற்றுக் கிடந்தது. குடலை இயக்கும் நரம்பணுக்கள் அப்பகுதியில் பிறவியிலேயே இல்லை. வாய்க்கால் அடைபட்டால் அடைப்புக்கு மேலே நீர் தேங்குவது போல, மேற்குடல் பருத்திருந்தது. குறுகிய பகுதியை நீக்கி, நலமுள்ள குடலைக் கீழே இணைக்கும் முறையை அவர் 1948-இல் வெளியிட்டார். அதன்பின் குழந்தைகள் பலர் உயிர் பிழைத்தனர்.

மாணவர்களே! பருத்த குடல் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அதனை மட்டும் நோக்கியிருந்த காலமெல்லாம் குழந்தைகள் மாண்டனர். கண்ணிற் பட்டதைக் கண்ட அளவில் அமையாது, அதற்கு அப்பாலும் ஆராய்ந்தவரே அவர்களைக் காத்தனர்.