உங்களுக்குத் தெரியுமா? வேகத்தைக் குறைத்து உலகைப் பிடித்த மெட்டாலிகா

● மின்னல் வேக கிட்டாரும் அதிரடி டிரம்ஸுமாக ஒலிக்கும் த்ராஷ் மெட்டல் இசையின் முன்னோடிகளில் ஒன்று, அமெரிக்காவின் மெட்டாலிகா. 1988-ல் வெளியான இவர்களது ஆல்பத்தில் சில பாடல்கள் 10 நிமிடத்தை நெருங்கின. பேஸ் கிட்டாரோ காதில் விழவே இல்லை!

● 1991-ல் வெளியான அடுத்த ஆல்பத்தில் ரூட் மாறியது. மோட்லி க்ரூ குழுவின் ஹிட் ஆல்பத்தைத் தயாரித்த பாப் ராக் என்பவரை அழைத்து வந்தார்கள். வேகம் தணிந்தது, பாடல்கள் சுருங்கின, பேஸ் கிட்டார் கம்பீரமாக ஒலித்தது.

● பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் ஒரு கையில் போனைப் பிடித்தபடி மறு கையால் கிட்டாரை மீட்டியபோது கிடைத்ததுதான் இந்த 1991 ஆல்பத்தில் உள்ள ‘நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்’ பாடலின் தொடக்கம். அதனால், அந்த முதல் சில நொடிகளுக்குத் தந்திகளை அழுத்தவே தேவையில்லை. அதே பாடலுக்கு ஆர்கெஸ்ட்ரா அமைத்தவர் மைக்கேல் கேமன்.

● குழுவின் பெயரையே தாங்கிவந்த இந்த ஆல்பத்தை, அதன் அட்டையை வைத்து ‘கறுப்பு ஆல்பம்’ என்றே ரசிகர்கள் அழைக்கிறார்கள்.

● ‘காசுக்கு விலைபோய்விட்டார்கள்’ என்று பழைய ரசிகர்களில் ஒரு சாரார் பொருமினார்கள். ஆல்பமோ அமெரிக்காவில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. அங்கு மட்டும் 1.6 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றுத் தீர்ந்தது!