தாழும் கடலோர நகரங்கள்: அளந்து சொல்ல ரேடார் உண்டு, தடுக்கப்போவது யார்?

புதுடெல்லி:

கடல் மட்டம் உயர்வது குறித்துப் பேசப்படும் அளவுக்கு, கடலோர நகரங்களில் நிலம் தாழ்வது குறித்துப் பேசப்படுவதில்லை. பல இடங்களில் பின்னதே வேகமாக நிகழ்கிறது.

அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து இந்தியப் பெருநகரங்களை ஆராய்ந்து, 2025 அக்டோபரில் முடிவுகளை வெளியிட்டனர். 2015 முதல் 2023 வரையிலான செயற்கைக்கோள் ரேடார் பதிவுகளின்படி, மிக அதிகமாகத் தாழும் இடங்களில் ஆண்டுக்குச் சென்னையில் 31.7 மி.மீ., மும்பையில் 26.1 மி.மீ., கொல்கத்தாவில் 16.4 மி.மீ. வரை நிலம் இறங்கியுள்ளது. உலகக் கடல் மட்டமோ ஆண்டுக்குச் சுமார் 4 மி.மீ. உயர்கிறது.

நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சுவதே முக்கியக் காரணம். நீரை இழந்த களிமண் அடுக்குகள் இறுகிவிடுகின்றன. பின்னர் மழை பெய்தாலும் அவை பெருமளவு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கட்டடத்தின் அடியில் நிலம் சீரின்றித் தாழ்ந்தால் அடித்தளமும் சுவரும் விரிசல் காணும்.

செயற்கைக்கோள் அனுப்பும் ரேடார் அலை தரையில் பட்டுத் திரும்புகிறது. வெவ்வேறு நாள்களில் பதிவான அலைகளை ஒப்பிட்டால் மில்லிமீட்டர் அளவிலான அசைவும் புலப்படும். இரவும் மேகமும் இதற்குத் தடையல்ல. இஸ்ரோவும் நாசாவும் இணைந்து உருவாக்கிய 'நிசார்', 2025 ஜூலை 30ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. 12 நாள்களுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பும் இதன் தரவுகளை அனைவருக்கும் இலவசமாக வழங்குவதே கொள்கை.

ஆனால், அளந்தது மக்களைச் சென்றடைய வேண்டும். மலை நகரமான ஜோஷிமட் 12 நாள்களில் 5.4 செ.மீ. தாழ்ந்ததை, 2023 ஜனவரியில் இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் வெளியிட்டது. சில நாள்களிலேயே அந்த அறிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது. அனுமதியின்றி ஊடகங்களுக்குத் தகவல் தரக் கூடாது என்று ஆய்வு நிறுவனங்களுக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்தியது.

அடுத்த தடை அதிகாரம் சார்ந்தது. தண்ணீர் மாநிலப் பட்டியலில் உள்ளது. 1997இல் அமைக்கப்பட்ட மத்திய நிலத்தடி நீர் ஆணையம் டெல்லியிலிருந்து இயங்குகிறது. கட்டட அனுமதி தருவதோ மாநகராட்சி. தாழும் நிலத்துக்கு முழுப் பொறுப்பேற்பவர் எவருமில்லை.

டோக்கியோவில், 1956 மற்றும் 1962ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஆலைகளும் கட்டடங்களும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தின. 1970களில் அங்கு நிலம் தாழும் வேகம் வெகுவாகக் குறைந்தது. அப்போது அவர்களிடம் ரேடார் செயற்கைக்கோள் இல்லை; சட்டமும் அதை நிறைவேற்றும் உறுதியும் இருந்தன. ஆழ்துளைக் கிணறுகளுக்கு அனுமதி தரும் மேசையில் நிலத்தாழ்வு வரைபடமும் இடம்பெறும் நாளில்தான் விண்வெளியில் செய்த செலவு மண்ணில் பயன் தரும்.