சேப்பாக்கத்தில் ஒரே 'கோச்'. பெரியமேட்டில் வருவோரும் போவோரும்!

சென்ட்ரலில் மாலை ரெயிலுக்கு நிற்கும் கூட்டத்தில் கிரிக்கெட் பேச்சு அடிபடாத நாள் குறைவு. ஆட்டக்காரர்களை அலசி முடித்ததும் பேச்சு கோச் பக்கம் திரும்பும். "டோனி இருக்கும்போது கோச் எதுக்கு சார்?" என்பார் ஒருவர். "தோத்தா கோச்சை மாத்தணும்" என்பார் இன்னொருவர்.

மாற்றினால் என்ன ஆகும்? விடை தேடி வெளியூர் போக வேண்டாம். சென்ட்ரலுக்குப் பின்னால் நடந்தால் பெரியமேடு நேரு ஸ்டேடியம். பூங்கா நகரில் பறக்கும் ரெயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் சேப்பாக்கம். ஒரு இடத்தில் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். இன்னொரு இடத்தில் மாற்றவே இல்லை!

ஒரே ஆசாமி

சென்னை சூப்பர் கிங்சுக்கு 2008-ல் கோச் கெப்ளர் வெசல்ஸ். அந்த ஆண்டு அணியில் ஆட்டக்காரராக இருந்த நியூசிலாந்துக்காரர் ஸ்டீபன் பிளமிங் 2009-ல் கோச் ஆனார். அதற்குப் பிறகு அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காரவில்லை.

2016, 2017 இரண்டு வருஷம் அணிக்குத் தடை. அப்போது புனே அணிக்குப் போனார். 2017 இறுதி ஆட்டத்தில் ஒரே ஒரு ரன்னில் கோப்பை கை நழுவியது. தடை முடிந்ததும் மறுபடி சென்னை.

2025 வரை சென்னைக்கு அவர் பார்த்தது 15 சீசன். இறுதி ஆட்டம் 9. கோப்பை 5 (2010, 2011, 2018, 2021, 2023). இந்தக் கணக்கைப் பார்த்தால் டோனிதான் காரணம் என்று சொல்லத் தோன்றும். பாதி நிஜம். கிரிக்கெட்டில் கயிற்றுக்கு உள்ளே கேப்டன் ராஜ்ஜியம். கோச்சின் வேலை அதற்கு முந்தைய ராத்திரியே முடிந்துவிடும்.

ஆனால் மீதிப் பாதியைப் பாருங்கள். 2018 இறுதி ஆட்டம். ஷேன் வாட்சன் முதல் 10 பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. பிறகு வெளுத்து வாங்கினார். 57 பந்தில் 117! மறுவருஷம் அதே வாட்சன் ஆட்டத்துக்கு ஆட்டம் சொதப்பினார். வேறு அணியாக இருந்தால் உட்கார வைத்திருப்பார்கள். இங்கே உட்கார வைக்கவில்லை. ஐதராபாத்துக்கு எதிராக சேப்பாக்கத்தில் 96 ரன் அடித்தார். இறுதி ஆட்டத்தில் முழங்காலில் ரத்தம் வழிய 80 ரன்!

ஆட்டக்காரருக்குக் காட்டிய அதே பொறுமையைத்தான் நிர்வாகம் பிளமிங்குக்கும் காட்டியது. 2020-ல் முதல்முறையாக 'பிளே-ஆப்' போகாமல் மண்ணைக் கவ்வினார்கள். கல்தா கொடுக்கவில்லை. 2021-ல் கோப்பை. 2022-ல் 9-வது இடம். அப்போதும் கல்தா இல்லை. 2023-ல் கோப்பை!

பெரியமேட்டு நாற்காலி

பெரியமேட்டுக் கதையே வேறு. சென்னையின் எப்.சி. கால்பந்து அணிக்கு 2014-ல் வந்தவர் இத்தாலியின் மார்கோ மெட்டராசி. 2006 உலக கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜிடேன் நெஞ்சில் முட்டினாரே, அந்த முட்டு வாங்கியவர்தான்.

2015-ல் 10 ஆட்டம் முடிந்தபோது சென்னைக்குக் கடைசி இடம். மீதி 4 ஆட்டத்திலும் வெற்றி! இதற்கிடையில் ஊரே வெள்ளத்தில் மூழ்கியது. அரை இறுதியின் சென்னை ஆட்டத்தை புனேயில் நடத்த வேண்டியதாயிற்று. இறுதி ஆட்டம் கோவாவில். 90-வது நிமிஷத்தை நெருங்கும்போது 1-2 என்று பின்தங்கியிருந்த அணி, 3-2 என்று ஜெயித்தது. மறுவருஷம் 7-வது இடம். மெட்டராசி மூட்டை கட்டினார்.

அடுத்து இங்கிலாந்தின் ஜான் கிரிகோரி. முதல் சீசனிலேயே, 2018 மார்ச்சில், பெங்களூரை அதன் மண்ணிலேயே 3-2 என்று சாய்த்து கோப்பை. அடுத்த சீசன் 18 ஆட்டத்தில் 2 வெற்றி, கடைசி இடம்! இவருக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு கொடுத்துப் பார்த்தார்கள். 2019-ல் 6 ஆட்டத்தில் 5 புள்ளிதான் வந்தது. நவம்பர் முடிவில் அவரே ராஜினாமா செய்தார். பொறுமை காத்தால் எப்போதும் பலன் உண்டு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அந்த நொந்துபோன அணியை டிசம்பரில் ஸ்காட்லாந்தில் பிறந்த ஓவன் காயல் கையில் எடுத்தார். மீதி 12 ஆட்டத்தில் 24 புள்ளி! அரை இறுதியில் கோவாவைத் தாண்டி, 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம். கொரோனாவால் ரசிகர் இல்லாத மைதானத்தில் கொல்கத்தாவிடம் 1-3 தோல்வி. அந்த வருஷமே ஜாம்ஷெட்பூர் போய்விட்டார். 2023-ல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள்!

கபடி கபடி

தமிழ் தலைவாஸ் கபடி அணி 2017-ல் பிறந்தது. 2019-ல் 12 அணிகளில் கடைசி. சீசன் நடுவிலேயே கோச் மாறினார். 2022-ல் பவன் ஷெராவத்தை ரூ.2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கினார்கள். முதல் ஆட்டத்திலேயே காலில் அடிபட்டு அவர் சீசன் முழுக்க வெளியே!

அந்த நேரத்தில் பொறுப்பேற்றவர் அரியானாவின் ஆஷன் குமார், துரோணாச்சார்யா விருது பெற்றவர். நரேந்தர் என்ற இளைஞரை ரெய்டுக்கு அனுப்பியே முதல்முறையாக அரை இறுதி வரை கொண்டுபோய்விட்டார். அங்கே புனேயிடம் 2 புள்ளியில் தோல்வி. அடுத்த சீசனில் 9-வது இடம். அதோடு சரி, 2024-ல் கோச் வேறு ஆள்.

இந்த புனே நமக்கு ராசியா, இல்லையா என்றே புரியவில்லை. 2018-ல் காவிரி போராட்டத்தால் சேப்பாக்கத்து ஆட்டங்கள் அங்கேதான் போயின, கோப்பையும் வந்தது. கபடியில் காலை வாரிவிட்டது!

கோப்பையை எண்ணினால் பிளமிங்தான். கோச் வேலையை மட்டும் பார்த்தால், என் ஓட்டு காயலுக்கும் ஆஷன் குமாருக்கும். கடைசியில் கிடந்ததைத் தூக்கி நிறுத்துவது, டோனி உள்ள அணியை நடத்துவதைவிடக் கஷ்டம். கிரிக்கெட் பிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

அவர்களுக்கு 2025 நினைவிருக்கும். சேப்பாக்கத்தில் 17 வருஷத்துக்குப் பிறகு பெங்களூரிடம் தோல்வி. 14 ஆட்டத்தில் 4 வெற்றி. முதல்முறையாகக் கடைசி இடம். அந்த டிசம்பரில் நடந்த ஏலத்தில் சென்னை மேஜையில் உட்கார்ந்திருந்தவர் யார் என்கிறீர்கள்? பிளமிங்தான்!

உள்ளூர்க்காரர்

ஒருவரைச் சொல்லாமல் விடக் கூடாது. சபீர் பாஷா. சென்னைக்காரர், இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் கால்பந்து ஆடியவர். சென்னையின் அணிக்கு 2014 முதல் 2023 வரை வெளிநாட்டு கோச்கள் மட்டும் அரை டஜன் பேர். பாஷா அவர்களில் சிலருக்கு உதவியாளர்.

2022 பிப்ரவரியில் பண்டோவிச்சுக்கு கல்தா கொடுத்தபோது, மிச்சமிருந்த ஆட்டங்களுக்கு பாஷாவை தற்காலிக கோச் ஆக்கினார்கள். சீசன் முடிந்தது. ஜெர்மனியில் இருந்து தாமஸ் பிரடாரிச் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.