உஷார்! சத்தமில்லாத ரம்பம்

ஐப்பசி பிறந்ததும் அடையாறு காந்தி நகரிலும் மந்தைவெளியிலும் தி.நகர் உட்தெருக்களிலும் வீட்டுக்காரர்கள் மரத்தை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். சன்ஷேடில் உரசும் கிளை, கார் மேல் எப்போது விழுமோ என்று தொங்கும் தென்னை மட்டை. மரம் வெட்டுபவரைக் கூப்பிட்டால் அடுத்த வாரம் என்கிறார். அந்த நேரம் பார்த்து போனில் விளம்பரம் வருகிறது: ஒரு கையில் அடங்கும் பேட்டரி ரம்பம், சில ஆயிரம் ரூபாய்தான், புகை இல்லை, சத்தம் இல்லை, பட்டனை அழுத்தினால் கிளை கீழே. பணம் கட்டுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்.

பெட்டி மேல் போட்டிருக்கும் எண்ணை முதலில் பாருங்கள். 48 வோல்ட், 88 வோல்ட் என்று போட்டு, பக்கத்தில் ‘விஎஃப்’ என்று ஒரு வால் ஒட்டியிருக்கும். அப்படி ஓர் அளவே உலகத்தில் கிடையாது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐந்து லித்தியம் செல். ஒன்றுக்கு 3.6 வோல்ட், ஐந்தும் சேர்ந்தால் 18. முழுசாகச் சார்ஜ் ஏறிய சூட்டில் மட்டும் 21. மிச்சமெல்லாம் அச்சடித்தவரின் கற்பனை.

சரி, பேட்டரிக்கு எவ்வளவு தெம்பு? ஈபி பில் கணக்கிலேயே பார்த்துவிடலாம். நல்ல கம்பெனியின் 18 வோல்ட், 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 90 வாட்-ஹவர். ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தடித்த கிளைக்குள் ரம்பம் இறங்கி ஒரு கிலோவாட் இழுத்தால், ஐந்தரை நிமிஷத்துக்குள் காலி. மலிவுப் பெட்டியில் வருவது இதைவிடச் சின்ன பேட்டரி. பெட்ரோலில் ஓடும் ரம்ப மிஷினின் டேங்கில் 400 மில்லி என்று வையுங்கள். அதில் மூன்றரை யூனிட் அளவுக்கு வெப்பம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் பெரும் பகுதியைச் சூடாகவும் புகையாகவும் வீணடித்தாலும், அரை யூனிட்டுக்கு வேலை தேறும். தீர்ந்தால் ஒரு நிமிஷத்தில் ஊற்றிக்கொள்ளலாம்.

இதற்காக பேட்டரி ரம்பத்தை மட்டம் தட்டவும் முடியாது. ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டில் 1926-ல் முதலில் செய்தது மின்சார ரம்பம்தான். பெட்ரோல் ரம்பம் 1929-ல்தான் வந்தது. இன்றைக்கு 36 வோல்ட் வகையில் வரும் நல்ல ரம்பங்கள் சின்ன பெட்ரோல் மிஷினுக்கு ஈடு கொடுக்கின்றன. கிளைக்குக் கிளை நகரும்போது பெட்ரோல் மிஷின் சும்மாவே எரிபொருளைக் குடித்துக்கொண்டிருக்கும். பேட்டரி மிஷின் விரலை எடுத்ததும் அடங்கிவிடும். அதனால் முருங்கை, கொய்யா, மாமரத்து சிறு கிளை என்று கழிப்பதற்கு அது போதும். கலிஃபோர்னியாவில் 2024-லிருந்து புதிதாகத் தயாராகும் இந்த மாதிரி சிறு பெட்ரோல் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றின் விற்பனைக்குக் கதவையே சாத்திவிட்டார்கள்.

ஆனால் நம் ஊரில் ரம்பத்துக்கு அவசரத் தேவை வருவது புயல் அன்றைக்கு. 2016 டிசம்பர் 12, வர்தா. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் அடித்த காற்றில் குல்மோஹரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் சாலைகளுக்குக் குறுக்கே படுத்தன. பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோதும் வெள்ளம் நின்ற பகுதிகளில் அதே கதை. சார்ஜ் தீர்ந்த பேட்டரியை எங்கே கொண்டுபோய்ச் சொருகுவீர்கள்? தூங்குமூஞ்சியின் அடிமரத்துக்கு ஒரு பேட்டரி மூலைக்குக் காணாது. பெட்ரோல் மிஷினும் ஆபத்பாந்தவன் என்று நம்பிவிட வேண்டாம். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். போன வருஷம் ஆயில் கலந்து வைத்த மிச்சத்தை ஊற்றிவிட்டு, மழையில் நின்றுகொண்டு கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் கழலும். எவ்வளவு எத்தனால் தாங்கும் என்று மிஷினோடு வந்த கையேட்டில் இருக்கும், பாருங்கள்.

நான் அலறுவது இதற்கெல்லாம் அல்ல. பெட்ரோல் மிஷின் தன்னைப் பற்றித் தானே எச்சரிக்கும். கயிறு இழுக்க வேண்டும், 100 டெசிபெலுக்கு மேல் கத்தும், புகை கக்கும், கனக்கும். தெருவே ஒதுங்கி நிற்கும், அம்மாக்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிடுவார்கள். பேட்டரி ரம்பத்துக்கு அந்த மரியாதையை யாரும் தருவதில்லை. லுங்கியும் ரப்பர் செருப்புமாக, ஒரு கையில் கிளை, மறு கையில் ரம்பம் என்று மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கிறார்கள். ஆனால் வெட்டுவது அதே சங்கிலி. சதைக்கு பேட்டரி என்றும் பெட்ரோல் என்றும் தெரியாது.

சங்கிலி சுற்றி ஓடும் ரம்பத்து நாக்கின் மேல் நுனி எதிலாவது பட்டால், அது அப்படியே உங்கள் முகத்தை நோக்கி எகிறும். ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம்; மூளைக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும். தரமான மிஷினில் முன்பக்கம் ஒரு தடுப்பு உண்டு. கை அதில் மோதியதும் சங்கிலி நிற்கும். விளம்பரத்தில் வரும் குட்டி ரம்பங்கள் பலவற்றில் அந்தத் தடுப்பே இல்லை. ஒரு கையால் பிடித்தால் தடுப்பு இருந்தும் பாதி பயன்தான். சங்கிலி தளர்ந்தால், மரத்தூள் அடைத்தால், முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். ‘பட்டனைத் தொடவே இல்லையே’ என்று விரலை இழந்த பிறகு சொல்லி என்ன?

சென்னை மரங்களுக்கென்று தனி வில்லங்கம் வேறு. டியூஷன் சென்டர் போர்டு, வாடகை வீடு போர்டு என்று வருஷக்கணக்காக அடித்த ஆணிகளின் மேல் பட்டை வளர்ந்து மூடியிருக்கும். சங்கிலி அதில் மோதினால் பல் போகும், அறுந்து பறக்கவும் கூடும். சாய்ந்த மரத்தில் கிளைகள் வளைந்து முறுக்கேறிக் கிடக்கும். தப்பான பக்கம் வெட்டினால் நாக்கைக் கவ்விக்கொள்ளும் அல்லது ஆளையே அடிக்கும். வேரோடு பெயர்ந்த மரம் மண்ணுக்குள் போகும் கேபிளையும் கூடவே இழுத்து வந்திருக்கலாம். கரண்ட் போய்விட்டதே என்று அசட்டையாக இருக்காதீர்கள். பக்கத்து அபார்ட்மெண்டின் ஜெனரேட்டர் ஒழுங்கில்லாமல் இணைக்கப்பட்டிருந்தால் செத்துக் கிடக்கும் ஒயருக்கு உயிர் வந்துவிடும். ஒயர் தெரிந்தால் மின்வாரியத்தின் மின்னகத்தைக் கூப்பிடுங்கள்: 94987 94987.

சார்ஜரையும் கவனியுங்கள். வேலூரில் 2022 மார்ச்சில் இரவு வீட்டில் சார்ஜ் போட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் தகப்பனும் மகளும் இறந்துபோனார்கள். ரம்பத்து பேட்டரி அதைவிடச் சின்னதுதான், ஆனால் அதே லித்தியம் குடும்பம். வெயிலில் வேலை பார்த்துக் கொதிக்கிற பேட்டரியை உடனே சார்ஜில் சொருகாதீர்கள், ஆறட்டும். தூங்கும்போது சார்ஜ் வேண்டாம், வாசல் கதவுக்குப் பக்கத்திலும் வேண்டாம். கீழே விழுந்து உப்பிப்போன பேட்டரியை மலிவாகச் செல் மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக, வாசலுக்கு வெளியே தெருவில் நிற்கும் மரம் உங்களுடையது அல்ல. நிழல் உங்கள் வீட்டில் விழுந்தாலும் அது மாநகராட்சி மரம், அனுமதி இல்லாமல் கை வைத்தால் வம்பு. 1913-க்குப் போன் போட்டு, புகார் எண்ணை வாங்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புயல் சின்னம் உருவான பிறகு அந்த லைன் கிடைப்பது கஷ்டம். இந்த வாரமே கூப்பிட்டுவிடுங்கள்.